மாத்தளைப் பெருந்தோட்டக் குடும்பமும் மனத்துயரும்: ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புறங்களில் ஒருவரது மனம் நோயுறுமிடத்து, அதற்குக் காரணங் கூறுவதற்கு மூன்று சொற்கள் வழக்கிலுள்ளன. ஆணாயின் ‘குடி’ என்பர். பெண்ணாயின் ‘பேய்’ என்பர். இருவருக்கும் பொதுவாகத் ‘தலைவிதி’ என்பர். தோட்டத்துக்கு வெளியேயுள்ள படித்தவர்களிடம் வினவினால் ‘அறியாமை’ என நான்காவது சொல்லொன்றும் கிடைக்கும். இந்நான்கும் தம்முள் மாறுபட்டனவாகத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒற்றுமை உடையன. நோயுற்றவரையும் அவரது குடும்பத்தையும் மட்டுமே அவை சுட்டுகின்றன. அக்குடும்பம் எவ்வாறு உருவாயிற்று, எவரால் உருவாக்கப்பட்டது, எவ்வெப்பொழுது உடைக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு அவற்றில் இடமில்லை.

இக்கட்டுரையில் நாம் அவ்வினாக்களையே எழுப்ப முனைகின்றோம். மாத்தளைத் தோட்டக் குடும்பத்தின் மனத்துயரம் அக்குடும்பத்தின் குறைபாட்டிலிருந்து பிறந்ததன்று. கடன், சட்டம், நில வெளியேற்றம், இனவன்முறை என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்து குடும்பத்தினுட் படிந்தமையால் விளைந்தது என்பதே எமது கருத்து. மனத்துயருக்கு உடற்கூற்றுக் காரணங்களும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரே நோய் ஒரு வர்க்கத்தாரை ஏன் அதிகமாகத் தாக்குகின்றது, தாக்கியபின் அவர்களுக்கு ஏன் சிகிச்சை கிட்டுவதில்லை என்பவற்றை உடற்கூறு விளக்கமாட்டாது.

1. வடபாதையும் கடனும்

மலையகத்தின் பிற பகுதிகளினின்றும் மாத்தளைக்குள்ள வேறுபாடு ஒன்று முதலிற் குறிப்பிடற்பாலது. தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்த வடபாதை மலைநாட்டுக்குள் நுழையும் வாயில் இதுவே. மன்னார்க் கரையிலிறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்து கடந்தவர்கள் மாத்தளையிலேதான் முதன்முதல் இளைப்பாறினர். இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் பஞ்சமும் நிலமின்மையும் சாதிக் கொடுமையுமே அவர்களை ஊரைவிட்டு விரட்டின. வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். 1841 முதல் 1848 வரையான காலத்தில் 70,000 பேர் இறந்தனரென ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை 1849 இல் எழுதியது. அத்தொகை பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பிணத்தைப் புதைக்க நேரமின்றி மேலே நடந்த கூட்டங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தோற்றத்தை இவ்வழிநடையோடு இணைத்துப் பேசும் மரபு இன்றும் உள்ளது. வெம்மை நோய்களின் தெய்வமான மாரியை வாயிலில் இருத்தியமை, துக்கங் கொண்டாட முடியாது போன ஒரு மக்கட் கூட்டத்தின் செயலாகவும் கொள்ளத்தக்கது.

தோட்டத்தை அடைந்ததும் கடன் காத்திருந்தது. வழிச்செலவு, அரிசி, கம்பளி ஆகிய யாவும் பெரியகங்காணியின் கணக்கில் ஏறின. பின்னாளில் நிலைபெற்ற ‘துண்டு’ முறையின்படி, இன்ன தொகையைக் கட்டினால் இத்தொழிலாளரை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுத்த கடதாசித் துண்டே ஒருவரது நடமாட்டத்தைத் தீர்மானித்தது. தகப்பனின் கடன் மகனைத் தொடர்ந்தது. துண்டு முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டு நீங்குவது 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தச் சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது.

இவ்விடத்து உலக வரலாற்றிலிருந்து ஓர் ஒப்புமையைக் காட்டுதல் பொருந்தும். 1851 இல் அமெரிக்காவின் தென்மாநிலமான லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர், கறுப்பின அடிமைகள் எசமானரை விட்டு ஓடுவதை ‘டிராப்பெற்றோமேனியா’ என்னும் மனநோயாக வகுத்துரைத்தார். ஓடுவதற்கான காரணத்தை அடிமைமுறையிற் காணாது அடிமையின் மூளையிற் கண்ட ‘விஞ்ஞானம்’ அது. இலங்கையிலே தப்பியோடிய தொழிலாளியைக் குற்றவாளி என்றனர். அமெரிக்காவில் நோயாளி என்றனர். பெயர் வேறாயினும் இரண்டினதும் நோக்கம் உழைப்பைக் கட்டிவைப்பதே. இலங்கையில் 1873 இல் மனநோயாளர் சட்டம் இயற்றப்பட்டது. சித்தம் பேதலித்தோரைச் சமூகத்தினின்றும் விலக்கி அடைத்துவைப்பதிலேயே அது கருத்தாயிருந்தது. அடைக்கப்படுமளவுக்கு முற்றாத துயரம் எவரது பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. துரையின் பதிவேடான செக்ரோலில் அது ‘வேலைக்கு வரவில்லை’ என்ற குறிப்பாக மட்டுமே எஞ்சியது.

2. காம்பராவினுள் குடும்பம்

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து மீளும் ஆண்களாவர். 1869 இற் காணப்பட்ட இலைநோய் 1880 களிற் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் தேவைப்பட்டன. அதனாற் பெண்களும் பிள்ளைகளும் அடங்கிய நிரந்தரக் குடும்பமும் தேவைப்பட்டது. மாத்தளையில் தேயிலையோடு றப்பரும் கொக்கோவும் ஏலமும் பயிராயின. எப்பயிராயினும் உழைப்பு அமைப்பு ஒன்றே. ஆகவே தோட்டக் குடும்பம், கிராமத்துக் குடும்பம் போல நிலத்தைச் சார்ந்து தானாக வளர்ந்த அலகன்று. மூலதனத்தின் தேவைக்கேற்பக் கட்டப்பட்ட அலகாகும். அதற்கு நிலமில்லை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பரா மட்டுமே இருந்தது. அதுவும் வேலையோடு ஒட்டியது. வேலை போனாற் கூரையும் போய்விடும்.

அக்காம்பராவில் பெற்றோர், மணமான மகன், மருமகள், வயதுவந்த மகள், கைக்குழந்தை யாவரும் உறங்கவேண்டியிருந்தது. அழுவதற்கேனும் தனியிடமில்லை. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் இருமல் கேட்கும். விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் தாய் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு மலையேறுவாள். மாலையில் கொழுந்து நிறுத்தபின் திரும்பி விறகு, தண்ணீர், அடுப்பு என இரண்டாவது வேலைநாளைத் தொடங்குவாள். அவளுக்கு ஆணுக்குரிய கூலி 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. அக்கூலியையும் தந்தையோ கணவனோ கைநீட்டி வாங்குவது நெடுங்கால வழக்கமாயிருந்ததை, 1980 களின் தொடக்கத்தில் தோட்டப் பெண்களை ஆராய்ந்த ரேச்சல் குரியன் எடுத்துக்காட்டியுள்ளார்.

துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என இறங்கி வந்த அதிகாரப் படிவரிசையில் இறுதிப்படி காம்பராவினுள் இருந்தது. மலையில் ஏச்சு வாங்கியவன் தன் சொல் செல்லுபடியாகும் ஒரேயிடமாக வீட்டையே கண்டான். மனைவிமீது விழுந்த அடியை இக்காரணங்கொண்டு நாம் நியாயப்படுத்தவில்லை. அடித்தவனின் பொறுப்பு அவனுக்கே உரியது. ஆயினும் அவ்வன்முறையைத் ‘தோட்டத்துப் பண்பாடு’ என்று பெயரிட்டுக் கடந்துபோவோர், அதனை வளர்த்த உற்பத்தி உறவுகளைக் காக்கின்றனர். குடி பற்றியும் இதனையே கூறலாம். சாராயக் குத்தகை காலனித்துவ அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்றாயிருந்தது. தொழிலாளியைக் குடிகாரன் என இகழ்ந்த நிருவாகமே அக்குடியால் வருவாயும் பெற்றது.

இலண்டன் நகரின் கேம்பர்வெல் பகுதியில் ஜோர்ஜ் பிரவுண், திரில் ஹரிஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு 1978 இல் வெளிவந்தது. சிறு பிள்ளைகளையுடைய தொழிலாளி வர்க்கப் பெண்களிடையே மனச்சோர்வு நடுத்தர வர்க்கப் பெண்களிடத்ததைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்திருந்தமையை அது காட்டிற்று. சிறுவயதில் தாயை இழத்தல், மனந்திறந்து பேசத் துணையின்மை, வீடு நிறைந்த சிறு பிள்ளைகள் முதலியவை அப்பெண்களை எளிதில் நோயுறச் செய்தன என்பது அவர்கள் முடிபு. இங்கிலாந்தின் தொழிலாளிப் பெண்ணுக்குப் பிரசாவுரிமையேனும் இருந்தது. எம்மவருக்கு அதுவும் பறிக்கப்பட்டது.

3. சட்டம் பிரித்த உறவுகள்

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியர் காங்கிரசின் ஏழு உறுப்பினர் நாடாளுமன்றம் சென்றனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரும் அவ்வாக்குகளாற் பயனடைந்தனர். அதன் எதிர்வினையாகவே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் உரிமை கோரியோர், 1946 சனவரி 1 ஆந் திகதிக்கு முன்னர் மணமானவராயின் ஏழாண்டும் ஆகாதவராயின் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை ஆவணங்களால் நிறுவவேண்டியிருந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட, ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர்.

1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவுசெய்யப்படுவர் என்பது ஏற்பாடு. அவ்வெச்சமும் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. மனிதரைத் தொகைகளாக்கிப் பங்கிட்ட இவ்வொப்பந்தத்தை இராசதந்திர வரலாறாகப் பலர் எழுதியுள்ளனர். அது காம்பராவினுள் நிகழ்த்தியதை எழுதினோர் சிலரே. பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமான பிள்ளை மற்றொரு நாட்டுக்குமாக எழுதப்பட்டமை, கடவுச்சீட்டு வந்தபின் நாள் தெரியாது ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தமை, புறப்படுமுன் ஆடு மாடுகளையும் பாத்திரங்களையும் கிடைத்த விலைக்கு விற்றமை ஆகியவை மலையகம் எங்கும் நிகழ்ந்தன.

ரத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் நாம் உரையாடிய முதிய பெண்ணொருவர் தமது வாழ்வின் நிகழ்ச்சிகளை ஆண்டுக் கணக்கிற் கூறவில்லை. “அக்கா கப்பலுக்குப் போன வருசம்”, “அக்கா போயி மூணாம் வருசம்” என்றே காலத்தை அளந்தார். தமக்கை கோத்தகிரியிலிருந்து சில காலம் கடிதம் எழுதினாராம். பின்னர் கடிதம் நின்றுவிட்டது. “செத்திருந்தா ஒரு தகவல் வந்திருக்கும், இருந்தா ஒரு கடுதாசி வந்திருக்கும். ரெண்டும் இல்லீங்களே” என்றார் அவர். ஒப்பாரி வைத்து முடிப்பதற்கு இடந்தராத இத்தகைய இழப்பினை எந்த வைத்தியசாலைப் படிவத்தில் எப்பெயராற் பதிவது? இராமேசுவரத்துக்கான கப்பற் சேவை 1984 இல் நின்றது. நாடற்றோருக்கான சட்டங்கள் 1988 இலும் 2003 இலும் வந்தன. காகிதத்திற் சிக்கல் தீர்ந்தது. பிரிந்த குடும்பம் மீண்டும் கூடவில்லை. இலங்கை மக்கட்டொகையில் இந்தியத் தமிழரின் பங்கு 1946 இல் நூற்றுக்கு 11.7 ஆகவும் 1981 இல் 5.5 ஆகவும் இருந்தது. இச்சரிவின் பெரும்பகுதி இத்தகைய பிரிவுகளால் ஆனதாகும்.

4. நிலமும் நெருப்பும்

1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டத்தையும் 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதையும் முற்போக்காளர் பலர் வரவேற்றனர். அவ்வரவேற்புக்குக் காரணமும் உண்டு. ஆயின் நடு மலைநாடான மாத்தளை, கண்டி மாவட்டங்களில் நிகழ்ந்ததை மறைத்தல் ஆகாது. உசவசம, ஜனவசம முதலிய அமைப்புகளிடம் கையளிக்கப்பட்ட தோட்டங்கள் பலவற்றில் தமிழ்த் தொழிலாளருக்கு வேலை மறுக்கப்பட்டது. 1973–74 இன் உணவுத் தட்டுப்பாடும் உடன் சேர, தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டினங்களிற் பிச்சையெடுத்தோரும் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் காடுவெட்டிக் குடியேறியோரும் பலர். காணி பகிரப்பட்டபோதும், அதில் நான்கு தலைமுறையாக உழைத்தவருக்குப் பங்கு கிட்டவில்லை. வர்க்க நோக்கிலான சீர்திருத்தம் இனநோக்கில் நடைமுறைப்படுத்தப்பட்டமை எமது இயக்கங்கள் இன்னும் முழுமையாக விடையிறுக்காத வினாவாகும்.

1977 ஆகத்திலும் 1983 யூலையிலும் வன்முறை மாத்தளையைச் சூழ்ந்தது. 1983 இல் நகரிற் கடைகளோடு முத்துமாரியம்மன் கோயிலும் எரியூட்டப்பட்டது. மாசி மகத்துக்கு வீதியுலா வரும் தேர்களும் எரிந்தன. வழிநடையின் துயரைச் சுமந்த தெய்வத்தின் இருப்பிடமே எரிந்ததை, ஒரு கட்டிடம் அழிந்ததாக மட்டும் அம்மக்கள் உணர்ந்திருக்க இயலாது.

இவ்விடத்து அயற் கிராமத்தையும் நோக்குதல் வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிச் சிங்கள விவசாயியின் காட்டையும் சேனையையும் தோட்டக்காரரிடம் சேர்த்தது. 1848 இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சி புதிய வரிகளோடு இவ்விழப்பையும் எதிர்த்ததேயாகும். நிலத்தைப் பறித்தது பிரித்தானிய மூலதனம். ஆயினும் கிராமத்தவரின் கண்ணுக்குத் தெரிந்தவன் லயத்திலிருந்த தமிழனே. பின்வந்த அரசியல் அம்மயக்கத்தை வளர்த்து வாக்காக்கிக் கொண்டது. 1987–89 இன் இளைஞர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது இதே மாவட்டத்தின் சிங்களத் தாய்மார் தம் மக்களைத் தேடியலைந்தனர். உயிரோ பிணமோ எனத் தெரியாத காத்திருப்பு அவர்களையும் பற்றிற்று. லயத்துத் தாயும் கிராமத்துத் தாயும் ஒரே வகைத் துயரை வெவ்வேறு மொழிகளில் தனித்தனியே சுமந்தனர் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

5. மருத்துவத்தின் மொழி

மன மருத்துவத்தில் நோயாளியின் பேச்சே முதற் சான்று. ‘நெஞ்சு அடைக்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘தலை கனக்குது’ என உடலின் மொழியிலே தம் மனத்துயரைக் கூறுவோர் தோட்டப்புறத்திற் பலர். அம்மொழியறியாத மருத்துவரிடம் அது வலியாக மட்டுமே சென்றடையும். வலிக்குரிய குளிகையே மீண்டு வரும். 1956 இன் தனிச்சிங்களச் சட்டம் அரச கருமங்களிலிருந்து தமிழை விலக்கியது. 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் சட்டத்திலுள்ள தமிழ் வைத்தியசாலை வாயிலைத் தாண்டுவதற்குத் தமிழ் பேசும் மருத்துவரும் தாதியரும் வேண்டும். பிளிடா மனநோய் மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை பணியாற்றிய பிரான்ஸ் பனன், அல்ஜீரிய நோயாளியின் மொழியும் வாழ்வுமறியாத பிரெஞ்சு மருத்துவம் அவரைக் குணப்படுத்தவியலாதெனக் கண்டதும் ஒடுக்குமுறையே நோய்க்கு ஊற்றென உணர்ந்து பதவி துறந்ததும் இங்கு நினைவுகூரத்தக்கன.

தற்கொலை பற்றிய தரவுகள் இன்னொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். அக்காலத்தில் உலகின் மிகவுயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. 1995 இலும் 1998 இலும் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் பத்தாண்டுகளிற் பாதியாகியது. மக்களின் ‘அறியாமை’ அப்பத்தாண்டில் நீங்கிவிடவில்லை. கைக்கெட்டிய நஞ்சு அகற்றப்பட்டது. அதனால் உயிர்கள் தப்பின. புறச்சூழலை மாற்றினால் தனிமனிதரின் மிக அந்தரங்கமான முடிவும் மாறுமென்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நஞ்சை நாடச்செய்த வறுமை மட்டும் அகலவில்லை. 2019 ஆம் ஆண்டின் அரச கணிப்பின்படி நாட்டின் வறுமை வீதம் நூற்றுக்கு 14.3 ஆக இருந்தபோது தோட்டத்துறையில் அது 33.8 ஆகும். இவ்வறுமையே தாய்மாரை மத்திய கிழக்கின் வீட்டு வேலைக்கும் இளைஞரைக் கொழும்பின் கடைகளுக்கும் அனுப்புகின்றது. கப்பல் நின்ற பின்னரும் குடும்பம் பிரிவது நிற்கவில்லை.

6. கூத்தும் எமது விமரிசனமும்

இவ்வரலாற்றில் அம்மக்கள் வெறுமனே துயர் தாங்கியோராய் இருந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஆடப்பெறும் காமன் கூத்தில் எரிந்துபோன காமனுக்காக ரதி புலம்புகையில் தோட்டமே கூடிநின்று அழும். இறுதியிற் காமன் உயிர்த்தெழுவான். காம்பராவிற் தனியே அழ இயலாதோர் களத்திற் கூடியழ வகைசெய்த கலை அது. தாலாட்டும் ஒப்பாரியும் அத்தகையனவே. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தோட்டத்துப் பெண்ணின் சீரழிவைத் தமிழ்நாட்டுக்குச் சொல்லிற்று. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் முதலியோர் இம்மாவட்டத்தின் வாழ்வை உள்ளிருந்தே எழுதினர்.

இப்படைப்புகளை நாம் எவ்வாறு வாசித்தோம்? போராடும் பாத்திரத்தைப் போற்றினோம். புலம்பும் பாத்திரத்தை ‘விரக்தி’ என ஒதுக்கினோம். கூலி உயர்வைக் கணக்கிட்ட எமக்கு, தூக்கமிழந்த தாயின் இரவு பொருட்டாகத் தோன்றவில்லை. தனிமனித உளவியல் பூர்ஷ்வாக்களின் ஈடுபாடு என்றொரு எளிய முடிவு எம்மிடம் இருந்தது. இளம் மார்க்ஸ், பாரிசின் பொலிஸ் ஆவணங்களில் ஷாக் பெஷே பதிந்த தற்கொலைகளைப் பற்றி 1846 இலேயே எழுதியதையும், அவற்றுட் பெரும்பாலானவை குடும்பத்தின் கொடுமைக்குப் பலியான பெண்களைப் பற்றியன என்பதையும் நாம் மறந்தோம். இத்தவறு எமது தலைமுறைக்கும் உரியது.

எனவே முற்போக்கு ஆய்வாளர் முன்னுள்ள பணிகள் சில தெளிவானவை. தோட்டத்துறை உளநலத்தை மாவட்டரீதியாகத் தமிழ்மொழி மூலம் ஆராய்தல் வேண்டும். பிரிந்த குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றை, அதனை அறிந்த முதியோர் உள்ளபோதே பதிதல் வேண்டும். வாழ்க்கைக்குப் போதிய கூலி, உறுதியுடன் கூடிய காணி, தனிவீடு என்பவை உளநலக் கோரிக்கைகளுமாகும் எனத் தொழிற்சங்கங்களை ஏற்கச்செய்தல் வேண்டும். சிங்களக் கிராமத்தின் தாய்மாரது அனுபவத்தையும் இதனோடு ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும்.

ரத்தோட்டையில் நாம் விடைபெற்றபோது அம்மூதாட்டி, “எழுதுறதுன்னா அக்கா பேரையும் எழுதிக்கிருங்க” என்றார். ஆய்வு நெறி கருதி அப்பெயரை இங்குத் தரவில்லை. ஆயினும் அவர் கேட்டது நியாயமானது. தம் வீட்டில் நிகழ்ந்தது நாட்டின் வரலாற்றில் எழுதப்படவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. தலைவிதி என்று அவர் கூறவில்லை.